அந்தப் புட்டிங் யாருக்கு?

ஒசாகாவை ஒட்டிய ஃபுசே ரயில் நிலையத்தில் இறங்கி, தண்டவாளத்தின் ஓரமாக மேற்கே நடக்கிறார் சசாகாகி என்ற துப்பறியும் காவலர். கட்டி முடிக்காமல் பாதியில் விட்ட ஒரு கட்டடத்தில் அடகுக் கடைக்காரர் ஒருவர் குத்துப்பட்டுச் செத்துக் கிடக்கிறார். அன்று அவர் வங்கியிலிருந்து 10 லட்சம் யென் எடுத்திருக்கிறார். அந்தப் பணத்தைக் காணவில்லை. வழியில் ஒரு கடையில் புட்டிங்கும் வாங்கியிருக்கிறார்.

புட்டிங் எங்கே போனது என்று போலீஸ் தேடுகிறது. அது ஓர் ஏழை விதவையின் வீட்டுக்குப் போயிருக்கிறது. அவள் நூடுல்ஸ் கடையில் வேலை பார்ப்பவள். ஒரே மகள், வயது 11. போலீஸின் கணக்கு உடனே ஓடுகிறது: அடகுக் கடைக்காரருக்கும் அவளுக்கும் தொடர்பு, பணத்தகராறு, அவளுக்கு வேறொரு ஆண் நண்பர், அவனே கொன்றிருப்பான். சந்தேகத்துக்குள்ளான அந்த ஆள் வாகன விபத்தில் சாகிறான். பிறகு அந்தத் தாயும் சமையல் எரிவாயு கசிந்து இறந்துபோகிறாள். வழக்கு அப்படியே ஆறிப்போகிறது.

புட்டிங்கோடு அவர் தேடிப் போனது அந்தச் சிறுமியைத்தான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த மனிதர் அந்த வீட்டுக்கு எதற்காகப் போனார் என்ற கேள்விக்கு எல்லாருமே ஒரு பெரியவளைப் பதிலாக வைத்துக்கொண்டார்கள். ஹிகாஷினோ கெய்கோ எழுதிய ‘பியாக்குயாக்கோ’ நாவலின் 19 ஆண்டுக் கதை முழுவதும் இந்த ஒரு தவறிலிருந்து கிளைக்கிறது.

தலைப்பைத் தமிழில் ‘வெண்ணிரவில் ஒரு நடை’ என்று சொல்லலாம். சூரியன் மறையாத துருவத்து இரவைத்தான் ஜப்பானியர்கள் வெண்ணிரவு என்கிறார்கள். 1997 ஜனவரி முதல் ‘ஷோசெத்சு சுபாரு’ இதழில் தொடராக வந்து, 1999 ஆகஸ்டில் புத்தகமானது. 2015-இல் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தபோதுதான் எனக்குக் கிடைத்தது. முடிச்சை அவிழ்க்காமல் இந்த நாவலைப் பற்றி எதையும் உருப்படியாகப் பேச முடியாது. கொலையாளி யார் என்று தெரிந்தபின் படித்தால் இதன் கனம் கூடும் என்பது என் அனுபவம். அதனால் சொல்லிவிடுகிறேன்.

கொன்றவன் அடகுக் கடைக்காரரின் மகன் ரியோஜி. அவனுக்கும் வயது 11. பாழடைந்த அந்தக் கட்டடத்தின் காற்றுப்போக்கிக் குழாய்களுக்குள் ஊர்ந்து விளையாடுவது அந்தப் பகுதிப் பிள்ளைகளின் வழக்கம். அப்படி ஊர்ந்துபோன ஒரு நாளில், தன் அப்பா ஒரு சிறுமியை என்ன செய்கிறார் என்று அவன் பார்த்துவிடுகிறான். அந்தச் சிறுமி யூகிஹோ, அவன் நூலகத்தில் பழகிய தோழி. அவளை அவளுடைய அம்மாவே காசுக்கு விட்டிருக்கிறாள். ரியோஜி காகிதத்தைக் கத்தரித்து உருவங்கள் செய்வதில் கெட்டிக்காரன். அவனிடம் எப்போதும் இருக்கும் கத்தரிக்கோல்தான் ஆயுதமாகிறது. பிறகு கதவை அடைத்துவிட்டு, வந்த குழாய் வழியே போய்விடுகிறான். போலீஸ் ஒரு பெரிய மனிதனைத் தேடிக்கொண்டிருந்தது.

இவ்வளவையும் வயதாகிவிட்ட சசாகாகி நாவலின் கடைசிப் பகுதியில்தான் சொல்கிறார். அதுவும் அவருடைய ஊகமாகத்தான். நாவலாசிரியர் ரியோஜியின் மனதுக்குள்ளும் யூகிஹோவின் மனதுக்குள்ளும் ஒரு வரிகூட நுழைவதில்லை. இருவரும் எதிரெதிரே நின்று பேசும் காட்சி ஒன்றுகூட இல்லை. வகுப்புத் தோழி, கல்லூரி நண்பன், வங்கி ஊழியை, முதல் கணவன், தனியார் துப்பறிவாளர் என்று அத்தியாயத்துக்கு ஒருவர் வந்து, தான் பார்த்த ஒரு துண்டை மட்டும் காட்டிவிட்டுப் போகிறார். ஓரிடத்தில் ஒரு பெண்ணுக்கு வழியில் தடையாக இருந்தவள் நாசமாகிறாள். வேறோர் ஊரில் ஒருவன் கள்ளத்தனமாகப் பணம் பண்ணுகிறான். இரண்டையும் சேர்த்துத் தைப்பது வாசகனின் வேலை. 2006-இல் டிபிஎஸ் தொலைக்காட்சி இதைத் தொடராக்கியபோது கதையை அப்படியே புரட்டி, இருவரின் உறவையும் முதலிலேயே திறந்து காட்டியது. அயாசே ஹருகாவும் யமாடா தகாயுகியும் நன்றாகவே நடித்திருந்தார்கள். ஆனாலும் பார்க்கிறவர்கள் அவர்களுக்காக அழுதுவிட முடிகிறது. நாவல் அந்த ஆறுதலைத் தருவதில்லை. ஒரு குழந்தைக்கு நேர்ந்ததை ஊரே பார்க்காமல் விட்ட கதையை, அந்தக் குழந்தைகளைப் பார்க்கவே முடியாத விதத்தில் எழுதியிருக்கிறார் ஹிகாஷினோ. இதைவிடப் பொருத்தமான வடிவம் எனக்குத் தோன்றவில்லை.

ஹிகாஷினோவுக்கு அந்த ஊர் அந்நியமில்லை. 1958-இல் ஒசாகாவின் இக்குனோ பகுதியில் பிறந்தவர். ஃபுசே அதற்கு அடுத்த பேட்டை. கதை தொடங்கும் 1973-இல் அவருக்கு 15 வயது. அந்த இலையுதிர் காலத்தில் எண்ணெய் நெருக்கடி வந்து, காகிதத்துக்குத் தட்டுப்பாடு வரும் என்ற பேச்சைக் கேட்டு ஒசாகாப் பெண்கள் கடைகளில் டாய்லெட் பேப்பருக்கு முண்டியடித்தார்கள். நாவலுக்குள் காலம் இந்த மாதிரிச் செய்திகளால்தான் நகர்கிறது. 1978-இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் விளையாட்டு மோகம், பணம் எடுக்கும் இயந்திரங்கள், 1985-இன் சூப்பர் மேரியோ, பிறகு நிலத்தின் விலையும் பங்கின் விலையும் வானத்துக்கு ஏறிய ஆண்டுகள் என்று போகிறது. ஒவ்வொரு புதுமைக்குள்ளும் ரியோஜி ஒரு திருட்டு வழியைக் கண்டுபிடிக்கிறான். வீடியோ கேம் நிரலைத் திருடுகிறான், போலி வங்கி அட்டை செய்கிறான், மேரியோவின் கள்ளப் பிரதிகளை விற்கிறான். மின் பொறியியல் படித்து, நிப்பான்டென்சோ என்ற வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் பொறியாளராக இருந்தவர் ஹிகாஷினோ. அதனால் இந்தப் பக்கங்களில் தொழில் தெரிந்தவரின் நிதானம் இருக்கிறது. நாடு செழிக்கச் செழிக்க, வெளிச்சத்துக்கு வர முடியாத ஒருவனுக்கு ஒளிந்துகொள்ள இடமும் பெருகுகிறது.

இனி சட்டத்துக்கு வருகிறேன். இந்த நாவலைப் படித்தபின் என்னை விடாமல் துரத்தியது அதுதான்.

ஜப்பானியத் தண்டனைச் சட்டத்தின் 41-ஆம் பிரிவுப்படி 14 வயது நிறையாதவரின் செயலுக்குத் தண்டனை கிடையாது. அதாவது 11 வயது ரியோஜி அன்று மாலையே உண்மையைச் சொல்லியிருந்தாலும் அவனைச் சிறைக்கு அனுப்பியிருக்க மாட்டார்கள். அப்படியானால் 19 ஆண்டுகள் அவன் எதை ஒளித்தான்? கொலையைச் சொன்னால் காரணத்தைச் சொல்ல வேண்டும். காரணத்தைச் சொன்னால் யூகிஹோவுக்கு நேர்ந்தது ஊருக்குத் தெரிந்துவிடும். என் வாசிப்பில், அவன் காத்தது அந்த ரகசியத்தைத்தான்.

அடகுக் கடைக்காரரின் குற்றத்துக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 13 வயதுக்கு உட்பட்ட சிறுமியுடன் உறவு கொள்வது 1973-இலும் வன்கொடுமைதான். ஆனால் 2017-இல் திருத்தம் வரும்வரை, பாதிக்கப்பட்டவர் தரப்பிலிருந்து புகார் வராமல் அந்தக் குற்றத்துக்குப் பொதுவாக வழக்குத் தொடர முடியாதிருந்தது. 11 வயதுப் பிள்ளைக்காகப் புகார் கொடுக்க வேண்டியவள் அம்மா. இங்கே விற்றவளே அம்மா. காசு கொடுத்துச் சிறாரை வாங்குவோருக்கென்று தனியாக ஒரு சட்டத்தை ஜப்பான் நாடாளுமன்றம் நிறைவேற்றியது 1999 மே மாதத்தில். அது அமலுக்கு வந்தது அதே ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி. நாவல் கடைகளுக்கு வந்த ஆகஸ்டு மாதம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. தொடராக வந்துகொண்டிருந்த காலத்தில், 1997 கோடையில், கோபே நகரில் பிள்ளைகளைக் கொன்றதாக 14 வயதுச் சிறுவன் ஒருவன் கைதாகி நாடே அதிர்ந்துபோயிருந்தது. பிள்ளைகள் செய்யும் குற்றத்துக்கு வயது வரம்பைக் குறைப்பதா என்று எல்லாரும் வாதாடிக்கொண்டிருந்த நேரத்தில், பிள்ளைகளுக்குச் செய்யப்படும் குற்றத்தை ஒரு துப்பறியும் கதையின் அடியில் புதைத்து வைத்திருக்கிறார் ஹிகாஷினோ.

கொலை வழக்குக்கு அன்று 15 ஆண்டுக் காலவரம்பு இருந்தது. 2005-இல் அது 25 ஆண்டானது. 2010 ஏப்ரலில் மரண தண்டனைக்குரிய கொலைகளுக்குக் காலவரம்பே நீக்கப்பட்டது. சசாகாகியின் வழக்கு அதற்கெல்லாம் வெகு முன்பே காலாவதியாகிவிடுகிறது. ஓய்வுபெற்ற பின்னும் அவர் தன் சொந்தச் செலவில் ரயிலேறி அலைகிறார். அன்றே அந்த மொட்டைக் கிள்ளியிருக்க வேண்டும், விட்டதால் வளர்ந்துவிட்டது என்ற குற்ற உணர்வு அவருக்கு. அவர் இருவரையும் உளுவை மீனுக்கும் வளை தோண்டும் ஒரு வகை இறாலுக்கும் ஒப்பிடுவார். இறாலுக்குப் பார்வை மங்கல். அது தோண்டிய வளைதான் மீனுக்கும் வீடு. மீன் வாசலில் காவல் நிற்கும். இறால் தன் உணர்கொம்பை மீனின் மேல் வைத்தபடியே வெளியே வரும். மீனின் வால் அசைந்தால் இரண்டும் உள்ளே ஓடிவிடும். இருவரும் பேசிக்கொள்வதைக் காட்டாத நாவலில் அவர்களின் உறவுக்குக் கிடைக்கும் ஒரே படம் இதுதான்.

பரிதாபத்தோடு நிறுத்திக்கொள்ளும் நாவலாக இருந்திருந்தால் நான் இதை இவ்வளவு மதித்திருக்க மாட்டேன். ரியோஜி வளர்ந்ததும் என்ன செய்கிறான்? பள்ளிப் பையன்களை வயதில் மூத்த பெண்களிடம் காசுக்கு அனுப்புகிறான். அப்பா வாங்கினார், மகன் விற்கிறான். யூகிஹோ ஒரு வசதியான உறவுக்காரப் பெண்மணியின் வளர்ப்பு மகளாகி, தேநீர்ச் சடங்கும் பூ அலங்காரமும் கற்று, எல்லாரும் திரும்பிப் பார்க்கும் பெண்ணாகிறாள். அவளைப் பற்றி வதந்தி பரப்பும் பள்ளித் தோழி தாக்கப்படுகிறாள். கல்லூரியில் ஒரு நல்ல பையனின் மனதைப் பிடித்துவிட்ட உயிர்த்தோழியைக் கடத்தி நிர்வாணப் படம் எடுக்கிறார்கள். ஒரு பெண்ணை வாய்திறக்க முடியாமல் செய்ய எது போதும் என்று இந்த இருவருக்கும் 11 வயதிலேயே தெரியும். தங்களுக்கு வைத்த சூட்டுக்கோலையே கருவியாக எடுத்துக்கொள்கிறார்கள். மினாத்தோ கனாயின் ‘கொகுஹாகு’ நாவலிலும் 13 வயதுச் சிறுவர்கள் கொலைகாரர்களாக வருகிறார்கள். அங்கே ஓர் ஆசிரியை அவர்களை எதிர்கொண்டு பேசுகிறாள். இங்கே அந்த வயதில் இவர்களை உட்காரவைத்துப் பேச ஒரு பெரியவர்கூட இல்லை.

முடிவு ஒசாகாவில், ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் நடக்கிறது. யூகிஹோவின் புதிய துணிக்கடை அன்று திறக்கிறது. சாண்டா கிளாஸ் உடையில் இருந்த ரியோஜி, சசாகாகி நெருங்கிவிட்டதும் குதித்து, நெஞ்சில் கத்தரிக்கோல் பாய்ந்து சாகிறான். யார் இவன் என்று கேட்கிறார் சசாகாகி. தனக்குத் தெரியாத ஆள் என்று சொல்லிவிட்டு யூகிஹோ திரும்பி மாடிக்குப் போய்விடுகிறாள். பலரும் இந்த இடத்தைத்தான் மறக்க முடியாதது என்கிறார்கள்.

எனக்கு அதற்குச் சில பக்கங்கள் முந்தைய ஒரு காட்சிதான் மறக்கவில்லை. யூகிஹோவின் இரண்டாம் கணவருக்கு முதல் மனைவி மூலம் மிகா என்ற மகள் உண்டு. சிற்றன்னையை அவளுக்குப் பிடிக்காது. ஒரு நாள் அந்தச் சிறுமியை யாரோ ஒருவன் வீட்டிலேயே சீரழித்துவிடுகிறான். அதன் பின்னால் இருப்பவர்கள் யார் என்று வாசகனுக்குத் தெரியும். அப்போது யூகிஹோ மிகாவை அணைத்துக்கொண்டு, இதே கொடுமை தனக்கும் நடந்தது, இதைவிடச் சின்ன வயதில் நடந்தது என்று சொல்கிறாள். அந்த முழு நாவலிலும் அவள் தன் 11 வயதைப் பற்றி வாய்திறந்து சொல்லும் உண்மை அது ஒன்றுதான். மிகா அந்தக் கைகளுக்குள் ஒடுங்கிக்கொள்கிறாள்.