ஓராண்டுத் தொழிலாளி

ஐடிஐ முடித்துவிட்டு ரயில்வே பணிமனையில் அப்ரண்டிஸாகச் சேரும் இளைஞர் ஓராண்டில் தொழிலைக் கற்றுக்கொள்கிறார். சான்றிதழும் கிடைக்கிறது. வேலைதான் கிடைப்பதில்லை.

முதல் வாரம் கையில் கிடைப்பது ஒரு பிடி வேஸ்ட் துணியும் ஒரு வாளி டீசலும்தான். கழற்றிப்போட்ட பிரேக் பாகங்களிலிருந்து கிரீஸையும் மண்ணையும் துடைத்தெடுக்க வேண்டும். இரண்டு ஆண்டு ஐடிஐயில் ஃபிட்டர் பாடம் படித்து, அரம் பிடித்து உள்ளங்கை காய்த்து, வெர்னியர் காலிப்பரில் ஒரு மில்லிமீட்டரின் ஐம்பதில் ஒரு பங்கைப் படிக்கப் பழகிய இளைஞருக்கு அது சற்று ஏமாற்றமாகத்தான் இருக்கும். துடைப்பதும் பாடம்தான் என்பது புரியச் சில வாரங்கள் ஆகின்றன. அழுக்கு போனால்தான் இரும்பில் விரிசல் இருக்கிறதா என்பது தெரியும்.

மாதுங்கா என்றதும் மும்பைத் தமிழர்களுக்கு நினைவுக்கு வருவது ஃபில்டர் காபியும் பூக்கடைகளும். அதே மாதுங்காவில் 1915ஆம் ஆண்டு, ஜி.ஐ.பி. ரயில்வே காலத்தில் தொடங்கப்பட்ட பெட்டிப் பணிமனை இன்று மத்திய ரயில்வேயின் கையில் இருக்கிறது. இதுபோன்ற பணிமனைகளுக்கு ஆண்டுதோறும் அப்ரண்டிஸ்கள் எடுக்கப்படுகிறார்கள். மும்பை, புசாவல், புனே, நாக்பூர், சோலாப்பூர் வட்டாரங்களுக்கு 2024இல் மத்திய ரயில்வே அறிவித்த இடங்கள் 2,424. இதற்கு எழுத்துத் தேர்வு கிடையாது. பத்தாம் வகுப்பு மார்க்கையும் ஐடிஐ மார்க்கையும் சேர்த்துப் பட்டியல் போடுவார்கள். தங்குமிடம் தருவதில்லை என்று அறிவிப்பிலேயே சொல்லிவிடுவதால், வெளியூர்ப் பையன்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து புறநகரில் ஓர் அறை பிடிக்கிறார்கள். எந்த இளைஞரை எடுத்துக்கொண்டாலும் இந்த ஓராண்டின் பாதை ஏறக்குறைய ஒன்றுதான்.

பழுதுபார்க்க வந்த பெட்டியைக் கிரேன்கள் இரு முனையிலும் பிடித்துத் தூக்குகின்றன. போகிகள் அடியிலிருந்து தனியே உருண்டு வெளியே வருகின்றன. பல டன் எடையுள்ள ஒரு பொருள் தலைக்கு மேலே தொங்குவதை முதன்முறை பார்ப்பவர் தானாகவே இரண்டடி பின்வாங்குவார். ஐடிஐயில் அவர் அதிகபட்சமாகக் கையாண்டது கைக்கு அடக்கமான இரும்புத் துண்டு.

பிறகு ஒவ்வொரு பிரிவாக மாற்றுகிறார்கள். சக்கரப் பிரிவில், ஓடித் தேய்ந்த சக்கரத்தின் விளிம்பைப் பெரிய லேத்தில் கடைந்து பழைய வடிவத்துக்குக் கொண்டுவருகிறார்கள். புதிதாக இருக்கும்போது 915 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் ஒவ்வொரு முறை கடையும்போதும் சிறுக்கிறது. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் கழித்துவிடுவார்கள். ஓர் அச்சில் உள்ள இரு சக்கரங்களின் உட்புறங்களுக்கு இடையே 1,600 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கூடவோ குறையவோ அனுமதி ஓரிரண்டு மில்லிமீட்டர்தான். அச்சுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று அல்ட்ராசானிக் கருவியால் சோதிக்கிறார்கள். பஃபர் வெற்றுப் பெட்டியில் தண்டவாளத்திலிருந்து 1,105 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஆள் ஏறிய பெட்டியில் 1,030க்குக் கீழே இறங்கக்கூடாது. ஐடிஐ நோட்டில் எண்களாக இருந்தவை இங்கே சிலரின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயங்களாகிவிடுகின்றன.

ஸ்பிளிட் பின் இதற்கு நல்ல உதாரணம். பிரேக் கம்பிகளை இணைக்கும் முளை கழன்று விழாமலிருக்க அதன் துளையில் செருகி, இரு காலையும் விரித்துவிடும் சின்னக் கம்பி. மலிவான பொருள். கால்களைச் சரியாக விரிக்காவிட்டால் ஓட்டத்தின் அதிர்வில் அது உதிரும், பின்னாலேயே முளை உதிரும், பிரேக் கம்பி தண்டவாளத்தில் தொங்கும். நடு வயதைத் தாண்டிய மூத்த ஃபிட்டரை எல்லோரும் காகா என்கிறார்கள். காகா பாடம் நடத்துவதில்லை. பையன் போட்ட பின்னை விரலால் ஒருமுறை அசைத்துப் பார்ப்பார். அசைந்தால் பிடுங்கிப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். இப்படி நாலு முறை நடந்தால் ஐந்தாவது முறை தானாகவே சரியாக வரும்.

இப்போதைய அப்ரண்டிஸ்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. பெரம்பூர் ஐ.சி.எஃப். தன் பழைய பாணிப் பெட்டிகளைத் தயாரிப்பதை 2018 ஜனவரியில் நிறுத்திவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் பழைய பெட்டிகளையும் பார்க்க வேண்டும், ஜெர்மன் வடிவமைப்பிலிருந்து வந்த எல்.எச்.பி. பெட்டிகளையும் பார்க்க வேண்டும். ஒன்றில் பிரேக் கட்டை சக்கரத்தையே அழுத்தும். மற்றதில் அச்சில் பொருத்திய வட்டத்தட்டை அழுத்தும். காகாக்களில் பலர் கை பழகியது முதலாவதில்தான்.

ஆறு மாதம் போனால் இளைஞர் வேலை செய்யத் தொடங்கிவிடுகிறார். ஆள் குறைவான நாளில் அவர் இல்லாவிட்டால் போகி நகராது. ஆனால் 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டத்தின் 18ஆவது பிரிவு சொல்கிறது: அப்ரண்டிஸ் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல. தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தா. விதிவிலக்குகளும் உண்டு. தொழிற்சாலைச் சட்டத்தின் சுகாதார, பாதுகாப்பு ஏற்பாடுகள் அவருக்கும் உண்டு. விபத்தில் காயம்பட்டால் நஷ்டஈடும் உண்டு. ஆக, விரல் நசுங்கும்போது மட்டும் சட்டம் அவரைத் தொழிலாளிபோலப் பார்க்கிறது.

சம்பளம் என்ற சொல்லும் இல்லை, ஸ்டைபெண்ட்தான். 2019இல் திருத்தப்பட்ட விதிகளின்படி ஐடிஐ முடித்தவருக்குக் குறைந்தபட்சம் மாதம் 7,000 ரூபாய், டிப்ளமோ படித்தவருக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000. மும்பையில் அறை வாடகைப் பங்கு, மெஸ், ரயில் பாஸ் போக வீட்டுக்கு அனுப்ப எவ்வளவு மிஞ்சும் என்பது கணக்குப் போடத் தேவையில்லாத கணக்கு. பல வீடுகளில் பணம் எதிர்த்திசையில்தான் போகிறது. இந்தத் தொகைகளை 36 சதவீதம் உயர்த்தலாம் என்று மத்திய அப்ரண்டிஸ்ஷிப் கவுன்சில் பரிந்துரைத்தது 2025 மே மாதத்தில்.

ரயில்வே மட்டுமல்ல. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த நிறுவனமும் அப்ரண்டிஸ்களைச் சேர்த்தாக வேண்டும் என்பது விதி. 1973 திருத்தம் பொறியியல் பட்டதாரிகளையும் டிப்ளமோக்காரர்களையும் இதே வளையத்துக்குள் கொண்டுவந்தது; அவர்களுக்கும் ஓராண்டுதான். பயிற்சி என்ற பெயரில் மலிவான ஆள் எடுக்கிறார்கள் என்பது தொழிற்சங்கங்களின் பழைய புகார். கற்றுக்கொடுக்கும் இடங்களும் இருக்கின்றன, பெட்டி தூக்கவைக்கும் இடங்களும் இருக்கின்றன என்பதுதான் நடப்பு. ரயில்வே பணிமனைகள் முதல் வகையில் சேரும் என்பதால்தான் அங்கே இடத்துக்கு இவ்வளவு போட்டி. அந்தப் போட்டிக்கு இன்னொரு காரணமும் உண்டு, எல்லோருக்கும் தெரிந்த காரணம்: உள்ளே போய்விட்டால் எப்படியும் வேலை கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை.

சட்டம் அப்படி எந்த வாக்குறுதியும் தரவில்லை. பயிற்சி கொடுத்தவர் வேலையும் கொடுத்தாக வேண்டியதில்லை என்றுதான் 22ஆவது பிரிவு முதலிலிருந்தே சொல்லிவந்தது. 1995 ஜனவரியில் உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு சிறு கதவைத் திறந்தது: மற்றத் தகுதிகள் சமமாக இருந்தால் வெளியாளைவிடப் பயிற்சி பெற்றவருக்கு முன்னுரிமை தர வேண்டும். 2014 திருத்தம், ஒவ்வொரு நிறுவனமும் இதற்கென ஒரு கொள்கை வகுத்துக்கொள்ளட்டும் என்றது. ரயில்வே தன் கடைநிலைப் பணியிடங்களில் 20 சதவீதத்தைத் தன்னிடம் பயிற்சி முடித்தவர்களுக்கு ஒதுக்கியது.

ஒதுக்கீடு கிடைத்ததும் மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். முன்பு பயிற்சி முடித்தவர்களைப் பொது மேலாளர்களே நேரடியாக எடுத்துக்கொண்ட வழி இருந்தது, அதை மூடிவிட்டு இருபது சதவீதத்தைக் காட்டுகிறார்கள் என்பது அவர்கள் ஆத்திரம். 2018 மார்ச் 20, செவ்வாய்க்கிழமை காலை, பல மாநிலங்களிலிருந்து வந்த நூற்றுக்கணக்கான முன்னாள் அப்ரண்டிஸ்கள் இதே மாதுங்காவுக்கும் தாதருக்கும் இடையே தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். அலுவலகம் போகும் நேரம். மத்திய ரயில்வேயின் புறநகர் வண்டிகள் மூன்று மணி நேரத்துக்கும் மேலாக நின்றன. தடியடி நடந்தது, கல் பறந்தது. வண்டியில் மாட்டிக்கொண்ட பயணிகள் சபித்தார்கள். அந்த வண்டிகளின் சக்கரத்தையும் பிரேக்கையும் அறிந்தவர்கள்தான் அவற்றை மறித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஆண்டு ரயில்வே அறிவித்திருந்த கடைநிலை இடங்கள் 62,907. 2019இல் வந்த அடுத்த அறிவிப்பில் 1,03,769. அதில் 20,734 அப்ரண்டிஸ்களுக்கு. எண்ணைக் கேட்டால் பெரிதாகத்தான் இருக்கிறது. நாடு முழுவதும் ஆண்டுக்கு ஆண்டு பயிற்சி முடித்து வெளியே வருபவர்கள் சேர்ந்துகொண்டே இருக்கிறார்கள். அறிவிப்போ சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான். அதற்குள் வயது வரம்பு நெருங்கிவிடுகிறது. பொது இடங்களுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதும் என்று 2018இல் தளர்த்தியதும் ஒரு குத்தல்தான். இரண்டு ஆண்டு ஐடிஐ, ஓராண்டு பணிமனை, பிறகு பள்ளி முடித்த தம்பியோடு ஒரே வரிசை.

ஆண்டின் கடைசியில் அகில இந்தியத் தேர்வு இருக்கிறது. எழுத்தும் செய்முறையும். கொடுத்த வரைபடத்தின்படி இரும்பை அறுத்து, அராவி, துளையிட்டு, இரு துண்டும் ஒன்றுக்குள் ஒன்று இடைவெளி தெரியாமல் பொருந்தும்படி செய்து காட்ட வேண்டும். ஓராண்டு பணிமனையில் இருந்த கை அதில் அநேகமாகத் தோற்பதில்லை. தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் வரும். கடைசி நாளில் கருவிகளை ஒப்படைத்து, கேட் பாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வர வேண்டும். மறுநாள் காலையும் பணிமனையில் பெட்டி தூக்குவார்கள். காகாவிடம் புதுப் பையன் ஒருவன் வேஸ்ட் துணி வாங்கிக்கொள்வான்.

ஊர் திரும்பாமல் அறையிலேயே தங்கிவிடுபவர்கள் மேஜை இல்லாமல் தரையில் புத்தகம் பரப்பிக்கொண்டு படிக்கிறார்கள். ரயில்வேயின் கடைநிலைத் தேர்வில் 100 கேள்விகள், 90 நிமிடம். கணிதம், பொது அறிவியல், பகுத்தறியும் திறன், நாட்டு நடப்பு. சக்கரத்தைப் பற்றியோ ஸ்பிளிட் பின்னைப் பற்றியோ அதில் தனிப் பகுதி எதுவும் இல்லை.