கோழி உருண்டைக் கறி

கோழி உருண்டைக் கறி என்பது கொத்திய கோழி இறைச்சியை மசாலாவுடன் பிசைந்து, உருட்டி, தேங்காய்ப்பால் சேர்த்த குழம்பில் வேகவைக்கும் உணவாகும். ஆங்கிலோ-இந்தியர் வீடுகளில் இதனைப் 'பால் கறி' என்பர். இங்கே 'பால்' என்பது பந்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். தமிழ் எழுத்தில் எழுதும்போது அது பசும்பாலோ தேங்காய்ப்பாலோ என்று மயங்க இடமுண்டு. குழம்பிலும் தேங்காய்ப்பால் இருப்பதால் அந்த மயக்கம் பெரிய பிழையாகிவிடுவதில்லை. அந்த ஆங்கிலச் சொல்லுக்குக் கொச்சைப் பொருளும் இருப்பதால், குழந்தைகள் முன் அதைச் சொல்லத் தயங்கிய பெரியவர்கள் 'கெட்ட வார்த்தைக் கறி' என்று இதற்கு வேடிக்கையாகப் பெயர் வைத்தனர்.

முதலில் இது மாட்டிறைச்சியிலோ ஆட்டிறைச்சியிலோ செய்யப்பட்டது. கோழி பின்னர் வந்த மாற்று.

வடசென்னையும் இந்தக் கறியும்

இராயபுரம் ரயில் நிலையத்திலிருந்து 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா சாலைக்குப் புறப்பட்டது. அதன்பின் ரயில்வே வளர வளர, அதில் ஓட்டுநர், கார்டு, பணிமனைத் தொழிலாளர் என்று வேலை பார்த்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் இராயபுரத்திலும் பெரம்பூரிலும் குடியேறின. சுங்கத்துறையிலும் தந்தித் துறையிலும் இவர்கள் பலர் இருந்தனர். அரசியலமைப்பின் 336ஆம் பிரிவு இந்தத் துறைகளில் இவர்களுக்குத் தந்த ஒதுக்கீடு படிப்படியாகக் குறைந்து, பத்தாண்டுகளில் முடிந்தது. குடும்பங்கள் ஆஸ்திரேலியா, கனடா, இங்கிலாந்து என்று பிரிந்து போயின. நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் இருந்த நியமன உறுப்பினர் இடங்களும் 104ஆம் திருத்தத்தின்படி 2020 ஜனவரியில் முடிவுக்கு வந்தன. இந்தச் சமையல் பெரும்பாலும் தாய் மகளுக்குக் கைப்பழக்கமாகச் சொல்லிக் கொடுத்தது. எனவே வீடு காலியாகும்போது செய்முறையும் கூடவே போய்விடுகிறது. அளவுகளோடு எழுதி வைக்க வேண்டிய தேவை அதனால்தான்.

உருண்டை என்ற எண்ணம் பாரசீகத்திலிருந்து வந்த 'கோஃப்தா'வோடு தொடர்புடையது. 'இடித்தல்' என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. தமிழ்நாட்டின் கோலா உருண்டை வேறு வகை. அதில் பொட்டுக்கடலை மாவு சேரும், எண்ணெயில் பொரிப்பார்கள், குழம்பு கட்டாயமில்லை. பால் கறியில் உருண்டை பச்சையாகவே குழம்பில் இறங்குகிறது. இந்த வகையில் அது நமது பருப்பு உருண்டைக் குழம்புக்கு நெருங்கிய உறவு. 'உடைந்து விடுமோ' என்ற அச்சமும் இரண்டுக்கும் பொது.

உருண்டை ஏன் உடைகிறது?

இறைச்சியில் உப்பு சேர்த்துப் பிசையும்போது தசையிலுள்ள மையோசின் என்ற புரதம் கரைந்து வெளிவந்து பசைபோல் ஒட்டுகிறது. சூடு பட்டதும் அது இறுகி உருண்டையைப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே உப்பை முதலிலேயே போட்டு, கை ஒட்டும் பதம் வரும்வரை நான்கைந்து நிமிடம் பிசைய வேண்டும். கோழியில் ஈரம் அதிகம், கொழுப்பு குறைவு. நெஞ்சுக் கறியை மட்டும் கொத்தினால் உருண்டை வறண்டு ரப்பர் போலாகும். கடையில் கைமா கேட்கும்போது எலும்பில்லாத தொடைக் கறியில் போடச் சொல்வது நல்லது. கழுவ வேண்டுமென்றால் கொத்துவதற்கு முன்பே கழுவித் துடைத்துவிட வேண்டும். கைமாவைக் கழுவினால் நீர் கோத்து உருண்டை பிடிக்காது. வெங்காயமும் அப்படித்தான். பொடியாக நறுக்கிப் பிழிந்து சேர்க்காவிட்டால் அதன் நீரே உருண்டையைக் கலைத்துவிடும். முட்டையும் மைதாவும் தேவையில்லை.

செய்முறை

அரைக் கிலோ கைமாவுக்கு ஒரு தேக்கரண்டி உப்பு, இரண்டு தேக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது, பிழிந்த வெங்காயம் ஒன்று, பச்சை மிளகாய் மூன்று, ஒரு பிடி புதினா கொத்தமல்லி, சிறிது மஞ்சள்தூள் சேர்த்துப் பிசைந்து, அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். பிறகு ஈரக் கையால் சிறு எலுமிச்சை அளவு உருட்டினால் சுமார் இருபது உருண்டைகள் வரும்.

ஒரு தேங்காயைத் துருவிப் பிழிந்து முதற்பால் ஒரு கோப்பை, இரண்டாம் பால் இரண்டு கோப்பை எடுத்துத் தனித்தனியே வைக்க வேண்டும். அகலமான பாத்திரத்தில் மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, பட்டை, கிராம்பு, ஏலக்காய், கறிவேப்பிலை தாளித்து, இரண்டு வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்க வேண்டும். பிறகு இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள் இரண்டு தேக்கரண்டி, மல்லித்தூள் ஒரு மேசைக்கரண்டி, சீரகத்தூள் ஒரு தேக்கரண்டி, மஞ்சள்தூள், தக்காளி இரண்டு. எண்ணெய் பிரியும்வரை பொறுமையாக வதக்கியபின் இரண்டாம் பாலும் உப்பும் சேர்த்துக் கொதிக்கவிட வேண்டும்.

முதலில் ஒரே ஓர் உருண்டையைப் போட்டுப் பார்க்கலாம். அது கலைந்தால் மீதிக் கலவையில் ஒரு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை மாவு சேர்த்துக்கொள்ளலாம். கோலாவிடம் வாங்கும் கடன் இது ஒன்றுதான். பிறகு தீயைத் தணித்து, உருண்டைகளை ஒன்றன்மேல் ஒன்று விழாமல் இறக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்குக் கரண்டியே கூடாது. பாத்திரத்தின் காதைப் பிடித்து மெல்ல ஆட்டினால் போதும். பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடத்தில் வெந்துவிடும். ஆட்டிறைச்சிக்கு இன்னும் கூடுதல் நேரம் பிடிக்கும்.

வெந்ததா என்று பார்ப்பதில் அலட்சியம் கூடாது. முழுத் துண்டுக் கறியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில் இருக்கும். கொத்தும்போது அவை உள்ளே கலந்துவிடுகின்றன. உருண்டையின் நடுப்பகுதி 74 பாகை செல்சியசு எட்ட வேண்டும். வெப்பமானி இல்லாதவர்கள் பெரிய உருண்டை ஒன்றை வெட்டிப் பார்க்கலாம். நடுவில் இளஞ்சிவப்போ கலங்கிய நீரோ தெரிந்தால் மேலும் வேகவிட வேண்டும். பச்சைக் கலவையை நாக்கில் வைத்து உப்புப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். சிறிது எடுத்துக் கல்லில் சுட்டுப் பார்க்கலாம்.

கடைசியாகத்தான் முதற்பால். அதை ஊற்றியபின் குழம்பு தளதளவென்று கொதித்தால் பாலிலுள்ள புரதம் திரண்டு, எண்ணெய் பிரிந்து, திரிதிரியாகிவிடும். தக்காளியின் புளிப்பும் அதற்குத் துணைபோகும். விளிம்பில் நுரை கட்டத் தொடங்கியதும் இறக்க வேண்டும்.

துணை உணவுகள்

இதற்கு மரபான இணை மஞ்சள் சோறு. பச்சரிசியைத் தேங்காய்ப்பாலிலும் மஞ்சளிலும் பட்டை, கிராம்பு, நெய்யோடு வேகவைப்பது அது. தொட்டுக்கொள்ளப் 'பிசாசுச் சட்னி': பச்சை வெங்காயம், காய்ந்த மிளகாய், சிறிது சர்க்கரை, வினிகர் சேர்த்து அரைத்தது. பெயர் அதன் சிவப்பு நிறத்துக்கும் காரத்துக்கும் வந்தது. அடுப்பில் வைக்காத சட்னி என்பதால் அன்றன்றைக்கு அரைப்பதே முறை. மிஞ்சிய கறியை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் தேவையான அளவு மட்டும் எடுத்து, உருண்டையின் நடுவரை ஆவி பறக்கச் சூடாக்க வேண்டும். அப்போது தேங்காய்ப்பால் சற்றுத் திரிந்தாலும் பரவாயில்லை.