ஊட்டியில் விதி எழுதிய விளையாட்டு

மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும் பேருந்து பர்லியாரில் நிற்கும்போது செல்பேசியில் ஸ்னூக்கர் ஆடும் இளைஞர் யாராவது கண்ணில் பட்டால், ஒரு செய்தி சொல்லுங்கள். எதிரே ஆடுபவர் எந்த நாட்டிலும் இருக்கலாம். இருவரும் மதிக்கும் விதிகள் உருவான ஊர், இந்தச் சாலை ஏறிப்போகும் ஊட்டிதான்.

1875இல் ஜபல்பூர் ராணுவ முகாமில், பழைய பந்தாட்டம் ஒன்றில் வண்ணப் பந்துகளைச் சேர்த்து ஸ்னூக்கரைத் தொடங்கியவர் நெவில் சேம்பர்லின். பின்னாளில் பிரிட்டன் பிரதமரானவர் அல்ல, இவர் வேறு! அதிகாரிகள் இடம் மாற மாற, ஆட்டமும் கிளப் கிளப்பாகப் பரவியது. ஊருக்கு ஊர் முறை மாறினால் தகராறுதானே? 1882இல் ஊட்டி கிளப்பில் விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். இன்றைய இணைய ஆட்டக் குழுக்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன; சுவர் மட்டும் திரையாகிவிட்டது.

கணினிக்கு ஸ்னூக்கர் கடினமான பாடம். பந்து மோதும் கோணம், வேகம், சுழற்சி எல்லாவற்றையும் நொடிக்குள் கணக்கிட வேண்டும். 1991இல் ஆர்ச்சர் மெக்லீன் உருவாக்கிய 'ஜிம்மி ஒயிட்ஸ் வேர்ல்விண்ட் ஸ்னூக்கர்' இதை முப்பரிமாணத்தில் காட்டி அசத்தியது. யோசித்துக்கொண்டே இருந்தால் பந்துகள் முகம் காட்டிக் கேலி செய்யும்!

அடுத்த முறை வெளிநாட்டவரோடு ஆடும்போது, இது எங்கள் நீலகிரியில் விதி எழுதிய ஆட்டம் என்று எழுதி அனுப்புங்கள். லேசில் நம்பமாட்டார்.