பிரிண்டருக்கு ஒரு நிரந்தர முகவரி

தொடர் - 14

ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஐ.பி. எண் கொடுப்பதைப் போன வாரம் பார்த்தோம். செல்போனுக்கு அந்த எண் தினம் மாறினாலும் ஒன்றும் ஆகாது. செல்போனைத் தேடி யாரும் வருவதில்லை. பிரிண்டர் அப்படியல்ல, மற்றவர்கள்தான் அதைத் தேடி வர வேண்டும்.

எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் ஒருநாள் காலை கரண்ட் போய் வந்தது. அதன்பின் பிரிண்ட் வரவேயில்லை. திரையில் 'ஆஃப்லைன்' என்றே நின்றது. நாலைந்து பேர் காத்திருக்க, கடைக்காரத் தம்பி டிரைவரை அழித்துவிட்டு மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தார். பிரிண்டரின் பட்டனை அழுத்தி அதன் நெட்வொர்க் விவரத் தாளை எடுத்தோம். நேற்றுவரை 192.168.1.5 ஆக இருந்தது, இப்போது 192.168.1.9. யாருக்கு எந்த எண் கொடுத்தோம் என்பதைப் பல ரவுட்டர்கள் அணைந்ததும் மறந்துவிடுகின்றன. கம்ப்யூட்டரோ பழைய வாசலிலேயே நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பிரிண்டருக்கு நாமே மாறாத ஓர் எண்ணைக் கொடுப்பதுதான் இதற்குத் தீர்வு.

திரையே இல்லாத பழைய நெட்வொர்க் பிரிண்டர்களுக்குக் கம்ப்யூட்டரிலிருந்தே எண் கொடுத்த விதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். நெட்வொர்க் கார்டு ஒவ்வொன்றுக்கும் தொழிற்சாலையிலேயே பதித்த 48 பிட் மேக் முகவரி உண்டு. 'இந்த ஐ.பி. யாருடையது?' என்று கேட்டு அதைக் கண்டுபிடிக்கத்தான் 1982இல் ஏ.ஆர்.பி. நெறிமுறை வகுக்கப்பட்டது. பிரிண்டர் விஷயத்தில் அதையே தலைகீழாகப் பயன்படுத்தினார்கள். கேள்வி கேட்காமல், 'இந்த ஐ.பி. இந்த மேக்குக்கு' என்று கம்ப்யூட்டரின் ஏ.ஆர்.பி. பட்டியலில் தாங்களே எழுதிவிட்டு, அந்த எண்ணுக்கு ஒரு பிங், அதாவது 'இருக்கிறாயா?' என்று கேட்கும் சிறு பொட்டலம், அனுப்புவார்கள். எண் இல்லாமல் காத்திருக்கும் கார்டு, தன் மேக்குக்கு வந்த அந்தப் பொட்டலத்தில் உள்ள எண்ணையே தன் எண்ணாக எடுத்துக்கொண்டு பதில் சொல்லும். ஹெச்.பி.யின் ஜெட்டைரக்ட் கார்டுகளில் இந்த வழி இருந்தது. கம்ப்யூட்டரும் பிரிண்டரும் ஒரே நெட்வொர்க்கில் இருந்தால்தான் இது பலிக்கும்.

இன்று வேலை சுலபம். பிரிண்டரின் தற்போதைய எண்ணை பிரவுசரில் அடித்தால் அதன் பக்கம் திறக்கும். நெட்வொர்க் பகுதியில் 'மேனுவல்' என்பதைத் தேர்ந்து புது எண்ணைக் கொடுக்கலாம். ரவுட்டர் தானாக வழங்கும் எண்களுக்கு வெளியே ஒன்றை எடுங்கள். இல்லாவிட்டால் ஒரே எண்ணுக்கு இரண்டு கருவிகள் மோதும். அந்தக் கடை ரவுட்டர் 2 முதல் 199 வரை வழங்கியது. அதனால் நாங்கள் 192.168.1.220 என்று கொடுத்தோம். சேமித்ததும் பக்கம் அசையாமல் நின்றது. தம்பி பதறிவிட்டார். பிரிண்டர் வீடு மாறிவிட்டது, அவ்வளவுதான். புது எண்ணை அடித்ததும் பக்கம் திறந்தது. கம்ப்யூட்டரின் பிரிண்டர் போர்ட்டிலும் அதே எண்ணைப் போட்டோம்.

விவரத் தாளில் எண் 169.254 என்று தொடங்கினால், பிரிண்டருக்கு யாரும் எண் தரவில்லை, தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். முதலில் கேபிளையும் வைஃபையையும் பாருங்கள்.

கொடுத்த எண்ணை ஒரு சீட்டில் எழுதி பிரிண்டர் மேல் ஒட்டிவையுங்கள். அடுத்த முறை 'ஆஃப்லைன்' என்று வந்தால், டிரைவரைத் தொடுவதற்கு முன் அந்தச் சீட்டைப் பாருங்கள்.

(தொடரும்)