உப்பு பிஸ்கட்: பாக்கெட்டின் பின்பக்கம் சொல்லும் கணக்கு

களை எடுக்கப் போகும்போது மடியில் ஒரு பாக்கெட், மாலையில் டீயுடன் நாலு, பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கு ஒரு பாக்கெட் என்று உப்பு பிஸ்கட் சிறு விவசாயக் குடும்பங்களிலும் அன்றாடப் பண்டமாகிவிட்டது. அடுப்பு மூட்ட வேண்டியதில்லை, எளிதில் கெடாது, பெட்டிக்கடையிலேயே கிடைக்கும். இந்த வசதிகளை மறுப்பதற்கில்லை. ஆனால், உர மூட்டை வாங்கும்போது தழைச்சத்து எவ்வளவு, மணிச்சத்து எவ்வளவு, சாம்பல்சத்து எவ்வளவு என்று பார்த்து வாங்கும் விவசாயி, பிள்ளைக்கு வாங்கும் பாக்கெட்டில் என்ன சத்து எவ்வளவு என்று பார்ப்பதில்லை. உர மூட்டையைப் போலவே பிஸ்கட் பாக்கெட்டிலும் அந்தக் கணக்கு அச்சிடப்பட்டிருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்துகொண்டால் பணமும் மிஞ்சும், உடம்புக்கும் நல்லது.

அட்டவணையைப் படிக்கும் முறை

பாக்கெட்டின் விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்பது சட்டம். ஆகவே தமிழில் பெரும்பாலும் இருப்பதில்லை. பள்ளிக்குச் செல்லும் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம். ‘எனர்ஜி’ என்பது சக்தி. இது கலோரிக் கணக்கில் இருக்கும். ‘புரோட்டீன்’ என்பது புரதச்சத்து. ‘கார்போஹைட்ரேட்’ என்பது மாவுச்சத்து. ‘ஆடட் சுகர்’ என்பது தயாரிக்கும்போது சேர்த்த சர்க்கரை. ‘டோட்டல் ஃபேட்’ என்பது மொத்தக் கொழுப்பு. ‘சோடியம்’ என்பது உப்பில் உள்ள பொருள். இந்த ஆறையும் தெரிந்துகொண்டால் போதுமானது.

அட்டவணையில் 100 கிராமுக்கு எவ்வளவு என்று ஒரு பத்தி இருக்கும். இன்னொரு பத்தியில் ‘சர்விங்’, அதாவது ஒரு தடவை சாப்பிடும் அளவு, ஒருவரின் ஒரு நாள் தேவையில் எத்தனை சதவீதம் என்று இருக்கும். பலர் ஏமாறுவது இந்த இரண்டாவது பத்தியில்தான். ஒரு தடவைக்கு எத்தனை பிஸ்கட் என்பதைத் தயாரிப்பவர்களே பாக்கெட்டில் குறிக்கிறார்கள். அந்த அளவு சிறிதாக இருந்தால் சதவீதமும் சிறிதாகத் தெரியும்.

ஒரு பாக்கெட்டின் கணக்கு

உதாரணமாக, 75 கிராம் எடையுள்ள ஒரு பாக்கெட்டில் 20 உப்பு பிஸ்கட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 100 கிராமுக்கு 480 கலோரி, புரதம் 8 கிராம், மாவுச்சத்து 67 கிராம், கொழுப்பு 20 கிராம், சோடியம் 800 மில்லிகிராம் என்று அட்டவணை சொல்கிறது. ஒரு தடவைக்கு 15 கிராம், அதாவது 4 பிஸ்கட் என்றும் போட்டிருக்கிறது.

நாலு பிஸ்கட்டுக்கு 72 கலோரி. சோடியம் 120 மில்லிகிராம். பாக்கெட்டில் போடும் சதவீதம், நாளொன்றுக்கு 2,000 கலோரி, 67 கிராம் கொழுப்பு, 2,000 மில்லிகிராம் சோடியம் என்ற அளவை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அதன்படி சோடியம் 6 சதவீதம்தான். பார்ப்பதற்குச் சிறிய எண். ஆனால் பாக்கெட்டைப் பிரித்த பிள்ளை நாலோடு நிறுத்துவதில்லை. பாக்கெட் முழுவதையும் தின்றால் ஐந்து தடவை அளவு உள்ளே போகிறது: 360 கலோரி, 15 கிராம் கொழுப்பு, 600 மில்லிகிராம் சோடியம். சோடியம் மட்டும் நாள் அளவில் 30 சதவீதம் ஆகிவிடுகிறது.

இதுவும் பெரியவர்களுக்கான கணக்கு. 4 முதல் 6 வயது வரையுள்ள குழந்தைக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 1,350 கலோரி. ஒரு பாக்கெட்டிலேயே அதில் கால் பங்குக்கு மேல் சென்றுவிடுகிறது. கிடைத்த புரதமோ 6 கிராம். வயிறு நிறைந்த பிள்ளை இரவில் சோறும் பருப்பும் கீரையும் வேண்டாம் என்கிறது. பிள்ளைக்குப் பசியே எடுப்பதில்லை என்று கவலைப்படும் தாய்மார்கள் முதலில் மாலை நேரத்துப் பாக்கெட்டைக் கவனிக்க வேண்டும்.

ரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய் உள்ளவர்கள்

சோடியத்தின் அளவை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும். மேலே சொன்ன பாக்கெட்டில் 600 மில்லிகிராம் சோடியம். அதாவது ஒன்றரை கிராம் உப்பு. பெரியவர்கள் நாள் முழுவதற்கும் 5 கிராம் உப்புக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை. குழம்பிலும் ஊறுகாயிலும் மோரிலும் உப்பைக் குறைத்துவிட்டு, காலையும் மாலையும் டீயுடன் எட்டெட்டு உப்பு பிஸ்கட் சாப்பிடுபவர், குறைத்த உப்பில் சுமார் 1.2 கிராம் அளவைத் திரும்பச் சேர்த்துக்கொள்கிறார்.

சர்க்கரை நோய் உள்ளவர்களில் பலர், இனிப்பு இல்லாததால் உப்பு பிஸ்கட்டில் தீங்கில்லை என்று எண்ணுகிறார்கள். இது தவறு. மைதா மாவு செரித்தபின் ரத்தத்தில் சர்க்கரையாகவே சேர்கிறது. மேற்படி பிஸ்கட்டில் எட்டு சாப்பிட்டால் 20 கிராம் மாவுச்சத்து உள்ளே போகிறது. பல உப்பு பிஸ்கட்டுகளில் சர்க்கரையும் சேர்க்கப்படுகிறது. இவர்கள் எத்தனை சாப்பிடலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

முன்பக்கப் படமும் பின்பக்க உண்மையும்

என்னென்ன பொருள்கள் சேர்ந்தன என்ற பட்டியலும் பின்பக்கத்தில் இருக்கும். எடையில் அதிகமானது முதலிலும், அடுத்தது அதற்குப் பின்னும் என இறங்குவரிசையில் எழுத வேண்டும் என்பது விதி. முதலில் மைதா, இரண்டாவது பாமாயில் என்று இருந்தால் அந்த இரண்டுமே பிஸ்கட்டின் பெரும்பகுதி என்று கொள்ளலாம்.

கேழ்வரகு, கம்பு, கோதுமை என்று முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்தால், அந்தத் தானியம் எத்தனை சதவீதம் சேர்ந்திருக்கிறது என்பதைப் பட்டியலில் காட்டியிருப்பார்கள். 10 சதவீதம் கேழ்வரகு என்றால் 75 கிராம் பாக்கெட்டில் ஏழரை கிராம் கேழ்வரகுதான் இருக்கிறது. தன் காட்டில் கேழ்வரகு விளைவிப்பவர் அதை மூட்டையாக விற்றுவிட்டு, அந்த ஏழரை கிராமைக் காசு கொடுத்து வாங்குவது என்ன கணக்கு?

விலைக் கணக்கும் பார்க்க வேண்டும். 10 ரூபாய்க்கு 50 கிராம் பிஸ்கட் என்றால் கிலோ 200 ரூபாய் ஆகிறது. விலையை மாற்றாமல் எடையைக் குறைப்பதும் உண்டு. ஆகவே நிகர எடையை ஒவ்வொரு முறையும் பார்ப்பது அவசியம். இந்தக் கிலோ விலையை, களத்தில் தாம் விற்ற நிலக்கடலையின் கிலோ விலையோடு விவசாயிகள் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

வீட்டில் உள்ளதே கைகொடுக்கும்

ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் பொட்டுக்கடலையில் ஆறரை கிராமுக்குக் குறையாமல் புரதம் இருக்கிறது. கலோரி 110 அளவில்தான். 20 பிஸ்கட்டில் கிடைக்கும் புரதத்தை விட இது சற்று அதிகம். 30 கிராம் வறுத்த நிலக்கடலையில் ஏழு கிராமுக்கு மேல் புரதம் உண்டு. ஆனால் அதில் எண்ணெயும் அதிகம், சுமார் 170 கலோரி வரும். எனவே அளவோடு கொடுக்க வேண்டும். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உள்ளது. மைதாவில் இருப்பதைப் போலப் பத்து மடங்குக்கும் கூடுதல் இது. கேழ்வரகு அடை, பொட்டுக்கடலை உருண்டை, வேகவைத்த கடலை, சுண்டல் இவற்றில் ஏதாவது ஒன்றை மாலையில் கொடுக்கலாம்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த கடலையை வறுத்தாலும் அதிலுள்ள நஞ்சு போகாது. அதைத் தயங்காமல் ஒதுக்கிவிட வேண்டும். சிறு குழந்தைகளுக்குக் கடலையை முழுதாகக் கொடுத்தால் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். பொடித்து உருண்டை பிடித்துத்தான் கொடுக்க வேண்டும்.

பிஸ்கட்டை அடியோடு விலக்க வேண்டும் என்பதில்லை. பயணத்தில், மழைநாளில், சமைக்க முடியாத வேளையில் அது உதவும். பாக்கெட்டைப் பிரித்ததும் வேண்டிய நாலைந்தை மட்டும் தட்டில் எடுத்து வைத்துவிட்டு, மீதியைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடிவிட வேண்டும். பாக்கெட்டையே பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டால் ஒரு தடவைக்கான அளவு என்பது அச்சில் மட்டும்தான் இருக்கும்.