மேசை தெரியுமா? ஸ்பானிஷும் வரும்!

மக்கா, திங்கட்கிழமை ஸ்பானிஷ் டெஸ்ட்டா? வார்த்தை மண்டையில நிக்கலையா? ஸ்பானிஷுக்கு இங்கிலீஷ்ல அர்த்தம், அதுக்குத் தமிழ்ல அர்த்தம்னு ரெட்டை வேலை எதுக்கு? தமிழ் மீடியம் பார்ட்டிகளே, நேர் வழி உங்ககிட்டதான் இருக்கு.

'மேசா'ன்னா மேசை. 'அர்மாரியோ' அலமாரி. 'பாத்ரே' பாதிரி. 'சபாத்தோ'ன்னா ஷூ, இலங்கைத் தமிழர் இன்னிக்கும் சப்பாத்துன்னுதான் சொல்றாங்க. முத்துக்குளித்துறையில போர்ச்சுக்கீசியர் இறக்கின சரக்கு இது. ஸ்பானிஷ் அவங்க மொழிக்குத் தங்கச்சி மாதிரி. உஷார், ஜன்னல் மட்டும் 'வென்தானா'!

பாலையும் சேர்த்தே படிங்க: 'லா மேசா', பெண்பால். கைக்கு 'லா மானோ', 'ஓ'வுல முடிஞ்சாலும் பெண்பால். லாஜிக் கேட்டா மார்க் போயிடும். 'பெரோ'வுல நாக்கு ஒரு தட்டு தட்டினா 'ஆனால்', உருண்டா நாய்!

உருப்போடுறது கேவலமில்ல. 1542-ல் இந்தக் கடற்கரைக்கு வந்த பிரான்சிஸ் சேவியர், இன்றைய ஸ்பெயினில் உள்ள நவார் ஊர்க்காரர். ஜெபங்களைத் தமிழ்ல பெயர்க்க வைச்சு, மனப்பாடம் பண்ணி, மணியடிச்சுப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். அடுத்து வந்த ஹென்ரிக் ஹென்ரிக்ஸ் பாதிரியார், நம்ம தாமிரபரணி கடல்ல சேர்ற புன்னைக்காயல்ல தங்கித் தமிழ் இலக்கணமே எழுதினார். 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் வேலைதான்.

சேரன்மகாதேவியில ரயில் ஏறினதும் ஸ்பானிஷ் பக்கத்தை மூடிட்டு, தமிழை மட்டும் பார்த்துச் சொல்லுங்க. வராத வார்த்தைக்கு டிக் போடுங்க. பேட்டை வர்றதுக்குள்ள அதை மட்டும் இன்னொரு ரவுண்டு!