குறைக்கப்பட்ட கிலோமீட்டர்

தனியாரிடம் வாங்கிய பழைய காரின் ஓடோமீட்டர், அதாவது வண்டி ஓடிய மொத்தத் தூரத்தைக் காட்டும் மானி, 40,000 கிலோமீட்டர் என்று காட்ட, பிரேக் பெடலின் ரப்பரோ வழவழவென்று தேய்ந்திருந்தால், ஐயம் கொள்வதில் தவறில்லை. டிஜிட்டல் மானியின் எண்ணைக் கருவியால் மாற்றிவிடலாம். ஆனால் சர்வீஸ் மையத்தில் முன்பே பதிவான தூரம் அங்கேயே நிற்கும் என்பதால், அப்பதிவின் நகலே வலுவான சான்றாகும். விற்றவர் வணிகர் அல்லாதபோது நுகர்வோர் ஆணையத்தை நாடுவது பெரும்பாலும் பயனளிக்காது. மாறாக, 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 17ஆம் பிரிவில் மோசடியை வரையறுத்து, 19ஆம் பிரிவில், ஏமாந்தவர் ஒப்பந்தத்தை ரத்து செய்ய வழிவிடுகிறது. உண்மை தெரிந்த பின்னும் மாதக்கணக்கில் வண்டியை ஓட்டுபவர் அவ்வுரிமையை இழக்க நேரிடலாம் என்பதால், வக்கீல் நோட்டீஸைத் தள்ளிப்போடலாகாது. காவல்துறையில் புகாரளிக்க, குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் ஏமாற்றுதலுக்கான 318ஆம் பிரிவு உண்டு. ஆயினும் மானியைத் திருத்தியவர் விற்றவரா, அவருக்கு முந்தைய உரிமையாளரா என்பதை நிறுவுவதே அங்கே கடினம்.